ஒன்பதாம் பின்னில் இரண்டு பேர்

மார்ச் 4

கோபக்கார மாப்பிள்ளைக்கு,

இனி என்னோடு போனில் ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்று ஞாயிற்றுக்கிழமை நீ எங்கள் வாசலில் நின்று முழங்கியதற்குக் கீழ் வீட்டு அம்மாவும் எதிர்க்கடைத் தையல்காரரும் சாட்சி. தையல்காரர் அதைக் கேட்பதற்கென்றே தையல் மெஷினை நிறுத்தினார். ஆகவே போன் செய்து உன் மானத்தைக் கெடுக்க மாட்டேன். எழுத மாட்டேன் என்று நீயும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. தபால்காரரும் பிழைத்துப் போகட்டும்.

நடந்ததை ஒரு முறை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். உன் வீட்டில் நீ வேறு மாதிரி சொல்லியிருப்பாய்.

உன் அக்காவுக்கு முட்டி போய்விட்டது. காளான் வளர்க்கிற அறையோ மாடியில். தண்ணீர் தெளிக்க, விசிறி போட, ஜன்னல் திறக்க என்று நாள் முழுக்க அந்தப் படியில்தான் இருக்கிறாள். முட்டியை மாற்றியே ஆக வேண்டும், அதன் பிறகு பல வாரம் படியேறக் கூடாது என்கிறார் டாக்டர். "காளான யாரு பாத்துக்குவா? நீங்களா?" என்று கேட்டு ஏற்கெனவே இரண்டு தடவை தேதியைத் தள்ளிவிட்டாள். அந்த "நீங்களா"வை அவள் எப்படிச் சொல்வாள் என்று உனக்குத் தெரியும். நான் ஊருக்கெல்லாம் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன்தான். ஆனால் ஒரு ரோஜாச் செடிகூட என்னை நம்பி வளர்ந்ததில்லை.

அதனால்தானே நாம் இரண்டு பேரும் சேர்ந்து மெஷின் செய்தோம்? உள்ளங்கை அளவு மைக்ரோகன்ட்ரோலர் போர்டு அடியில். அதன் தலைமேல் என் ரிலே போர்டு: தெளிப்பு மோட்டாரையும் விசிறியையும் டக் டக்கென்று போட்டு நிறுத்தும். அதன் தலைமேல், அறையின் ஈரத்தைக் குறித்து வைக்கிற மெமரி கார்டு போர்டு. எல்லாவற்றுக்கும் உச்சியில் உன் செய்தி போர்டு: சிம் கார்டு போட்டது, அறை காய்ந்தால் போனுக்குச் செய்தி அனுப்பும். தனித்தனியாக எல்லாம் ஒழுங்காகத்தான் ஓடின. மூன்றையும் அடுக்கி, அக்காவை நாற்காலி போட்டு உட்கார வைத்து, நீ சுவிட்சைப் போட்டாய். உன் போர்டில் பச்சை விளக்கு வந்தது. உடனே தெளிப்பு மோட்டார் ஓட ஆரம்பித்தது. நிற்கவே இல்லை. உன் சட்டைப் பையில் மீன் விட்டு வளர்க்கலாம், அவ்வளவு தண்ணீர்.

நீ என் ரிலேதான் என்றாய். நான் உன் போர்டுதான் என்றேன். "நீங்க ஈயம் ஒட்டின சால்டரிங்கப் பாருங்க மாமா, காக்கா எச்சம் மாதிரி இருக்கு" என்றாய். "நீ பாக்குற லிஃப்டுல ஏறினவன்ல பாதிப் பேரு படியிலதாண்டா இறங்குறான்" என்றேன். போர்டைப் பிடுங்கிக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு, சாப்பிடாமல்கூடப் போய்விட்டாய்.

நீ போன பிறகு உன் அக்கா சொன்னது இது: "இந்த மாசம் இருவதுக்குள்ள அது தானா ஓடணும். ஓடலைன்னா ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி வேணாம்னு சொல்லிருவேன். என் முட்டி, என் படி. நீங்க ரெண்டு பேரும் வேலையப் பாருங்க."

போர்டை அனுப்பு. கோபத்தை அங்கேயே வைத்துக்கொள், பார்சல் கனக்கும்.

உன் அக்கா புருஷன்


மார்ச் 7

மாமா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. லிஃப்டைப் பற்றி நீங்கள் சொன்னது பொய். நான் பராமரிக்கிற லிஃப்டுகளில் போன வருடம் யாரும் மாட்டிக்கொள்ளவில்லை. ஒரு பல் டாக்டர் மட்டும் மாட்டினார். அதுவும் கரண்ட் போனதால்.

என் போர்டை மேசையில் தனியாக வைத்து ஓட்டினேன். செய்தி ஒழுங்காகப் போகிறது. பழுது இல்லை. ஆகவே உங்கள் ரிலேதான் காரணம். சால்டரிங் பற்றி நான் சொன்னதில் ஒரு திருத்தம் உண்டு: காக்கைக்குக் கொஞ்சம் ஒழுங்கு இருக்கிறது.

ஒரு லிஃப்ட் தகராறு செய்தால், யார் மேல் தப்பு என்று நாங்கள் முதலில் கேட்பதில்லை. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாகச் சேர்த்து ஓட்டிப் பார்ப்போம். எதைச் சேர்த்ததும் கெடுகிறதோ அங்கே தேடுவோம். நீங்கள் மூன்று மாடியையும் ஒரே மூச்சில் கட்டிவிட்டுச் சுவிட்சைப் போடச் சொன்னீர்கள். போட்டது நான்தான். சொன்னது நீங்கள்.

போர்டை இப்போது அனுப்ப முடியாது. காரணம் தெரியாமல் அதே அடுக்கில் மறுபடி சொருகினால் அது செத்துப்போகும். முதலில் நான் சொன்னபடி கழற்றிப் பாருங்கள்.

பின்னால் நின்று இதைப் படிக்கிற என் மனைவி, "இதுக்கு ஒரு போன் பண்ணினா என்ன, வாய் தேஞ்சா போயிரும்?" என்கிறாள். அன்று நான் பஸ்ஸில் எப்படி உட்கார்ந்து வந்தேன் என்று அவளுக்குத் தெரியாது. பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

அக்கா முட்டி எப்படி இருக்கிறது? நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
லிஃப்ட்காரன்


மார்ச் 10

மாப்பிள்ளை,

நீ சொன்னபடியே செய்தேன். இந்த வாக்கியத்தை எழுதும்போது பேனா இரண்டு தடவை மக்கர் செய்தது.

எல்லாவற்றையும் சமையலறை மேசையில் பரப்பினேன். ரிலே போர்டு மட்டும்: ஒழுங்கு. கார்டு போர்டு மட்டும்: ஒழுங்கு. இரண்டையும் சேர்த்துச் சாயங்காலம் வரை ஓட்டினேன், நல்ல பிள்ளைகளாக இருந்தன. ஆக, நீ வந்தால்தான் கலகம் என்று எழுதி உறையை ஒட்டப் போனேன். அதற்குள் போர்டுகளோடு வந்த தாள்கள் கண்ணில் பட்டன. வாங்கிய நாளிலிருந்து டீ டம்ளர் வைக்கத்தான் பயன்பட்டன. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முதல் தடவையாகப் படித்தேன்.

போர்டுகளை அடுக்கினால் ஒவ்வொரு பின்னும், அதாவது ஓரத்தில் எண் போட்டு நிற்கிற கம்பிக் காலும், எல்லா மாடி வழியாகவும் மேலே போகிறது. உன் லிஃப்ட் கயிறு மாதிரி என்று வைத்துக்கொள். என் ரிலே போர்டு நான்காம் பின்னிலிருந்து ஏழாம் பின் வரை எடுத்துக்கொள்கிறது. தெளிப்பு மோட்டார் இருப்பது ஏழில். உன் போர்டு அடிப் போர்டோடு பேசுவது எந்தப் பின்களில் தெரியுமா? ஏழிலும் எட்டிலும். அது சும்மா இருக்கும்போதும் ஏழாம் பின்னில் மின்சாரத்தைத் தூக்கிப் பிடித்தபடி "நான் இருக்கேன், நான் இருக்கேன்" என்கிறது. ஏழில் மின்சாரம் வந்தால் தண்ணீர் விட வேண்டும் என்பதுதான் என் ரிலேவுக்கு நான் சொல்லிக்கொடுத்த ஒரே பாடம். விட்டது.

உன் போர்டிலும் பழுதில்லை, என் போர்டிலும் பழுதில்லை. இதைவிட மனதைப் புண்படுத்தும் முடிவு இருக்க முடியுமா? இத்தனை நாள் திட்டியதெல்லாம் வீண்.

எங்கள் பயிற்சிக் காரில் கற்றுக்கொள்கிறவருக்கு ஒரு பிரேக், எனக்கு ஒரு பிரேக். ஸ்டியரிங் மட்டும் ஒன்றுதான். இரண்டு பேரும் அதைப் பிடித்தால் கார் நேராகக் காய்கறிக் கடைக்குள் போகும். போயிருக்கிறது.

முட்டியைக் கேட்டாய். நீ கேட்டதாகச் சொல்லவில்லை. நேற்று கொஞ்சம் சீக்கிரம் வீட்டுக்கு வந்தேன். உன் அக்கா மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கிக்கொண்டிருந்தாள், சின்னக் குழந்தைகள் இறங்குவது போல. மடியில் காளான் கூடை. என்னைப் பார்த்ததும் "படியத் தொடைக்கிறேன்" என்றாள். "நல்லா தொடச்சிருக்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். இதில் சிரிக்க ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

ஏழாம் பின்னை விட்டு யாராவது ஒருவர் நகர வேண்டும். யார் என்று நான் சொல்லவில்லை.

மாமா


மார்ச் 14

மாமாவுக்கு,

நீங்கள் எழுதியது சரி. நானும் தாளைப் பார்த்தேன். ஏழுதான்.

நான் நகர்ந்துவிட்டேன். என் போர்டின் ஏழாம் காலை மெல்ல வெளியே வளைத்துவிட்டேன், இனி அது கீழ் போர்டின் துளைக்குள் இறங்காது. அங்கிருந்து ஒரு வயர் எடுத்து ஒன்பதாம் பின்னில் சால்டர் செய்திருக்கிறேன். இரண்டில் உங்கள் ஈர சென்சார் இருக்கிறது. அதை ஒட்டியிருப்பதால் மூன்றை விட்டேன். ஒன்பது காலி, எட்டுக்குப் பக்கமும்கூட. புரோகிராமில் அந்த வரியை மாற்றி, பென் டிரைவில் போட்டிருக்கிறேன். போர்டும் இந்தக் கடிதமும் ஒரே பெட்டியில் வருகின்றன.

உங்கள் ரிலே ஏழிலேயே இருக்கட்டும். நீங்கள் எதையும் தொட வேண்டாம். தயவுசெய்து.

படி துடைக்கிறேன் என்றா சொன்னாள்? சின்ன வயதில் நான் மரத்திலிருந்து விழுந்து கை ஒடிந்தபோது, தூக்கி வந்த அவள், "தூங்குறான்" என்றுதான் அம்மாவிடம் சொன்னாள்.

லிஃப்ட்காரன்


மார்ச் 14

என் அருமை மாப்பிள்ளைக்கு,

உன் பதிலுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. நானே நகர்ந்துவிட்டேன்!

ரிலே போர்டின் ஏழாம் காலை வெளியே வளைத்தேன். வளைக்கும்போது மூச்சே விடவில்லை. அங்கிருந்து வயர் எடுத்து ஒன்பதில் ஒட்டினேன். பக்கத்தில் இருந்த விரலையும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டேன், ஆறிவிடும். மூன்று காலியாகத்தான் இருக்கிறது, ஆனால் சென்சாருக்குப் பக்கத்துக் குடித்தனம் எதற்கு என்று விட்டுவிட்டேன். ஒன்பதுதான் காற்றோட்டமான இடம்.

ஆகவே நீ ஏழிலும் எட்டிலும் கால் நீட்டி ராஜா மாதிரி உட்கார். உன் போர்டில் ஒரு தூசியைக்கூடத் தட்ட வேண்டாம். அப்படியே அனுப்பு. வயதில் மூத்தவன் விட்டுக்கொடுத்தான் என்று தையல்காரரிடமும் சொல்லிவிட்டேன். அவர் தெருவுக்கே சொல்லிவிடுவார், அது அவர் வேலை.

விரல் கட்டுப் போட்ட மாமா


மார்ச் 18

ஒன்பதாம் பின்காரா,

பார்சல் நேற்று வந்தது. பெட்டியைத் திறந்ததும் கடிதத்தைத் தேடிப் படிக்கிற ஆளா நான்? நீயோ அதைப் பெட்டிக்கு அடியில் வைத்திருக்கிறாய். உன் புரோகிராம் வரிகளை என்னுடையதோடு ஒட்டினேன். படிக்கவில்லை. மூன்று போர்டையும் அடுக்கினேன். ஆமாம், ஒரே மூச்சில்தான். உன் அக்காவைக் கூப்பிட்டேன். அவள் இந்தத் தடவை குடையோடு வந்தாள்.

சுவிட்சில் கை வைக்கிறேன், கீழே ஒரே அமர்க்களம். தையல்காரர் கழுத்தில் அளவு நாடா பறக்கப் படியேறி வருகிறார். "சார், போடாதீங்க! உங்க மச்சினன் என் கடைக்குப் போன் பண்ணினாரு! ஒம்போதுல நீங்களும் இருக்கீங்களாம், அவரும் இருக்காராம்! உங்கள எறங்கச் சொல்றாரு!" அவர் சொல்லி முடிக்கும்போது நான் போட்டு முடித்திருந்தேன். இந்தத் தடவை நனைந்தது நானும் அவரும். பாவம், யாரோ ஒருவரின் கோட்டுத் துணி அவர் தோளில் இருந்தது.

என் கடிதத்தைப் படித்துப் பதறிப்போய், சபதமும் உடையாமல், தையல்காரர் கடைக்குப் போன் செய்தாயே, உன் மூளையே மூளை.

அப்புறம்தான் பெட்டியைக் கவிழ்த்து உன் கடிதத்தை எடுத்தேன். "நான் நகர்ந்துவிட்டேன்" என்ற வரியைப் படித்ததும் ஈரத் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தேன். தையல்காரரும் சிரித்தார், எதற்கு என்று தெரியாமலே.

"என்னாச்சு?" என்றாள் உன் அக்கா, குடைக்குள்ளிருந்து.

"ஒண்ணுமில்ல. உன் தம்பியும் நானும் ஒருத்தருக்கொருத்தர் விட்டுக்குடுத்துட்டோம்."

"விட்டுக்குடுத்தா எதுக்குத் தண்ணி ஊத்துது?"

"ரெண்டு பேரும் ஒரே எடத்துக்கு ஒதுங்கிட்டோம்."

அவள் குடையை மடக்கினாள். "சண்டை போட்டாலும் தண்ணி ஊத்துது, சமாதானம் ஆனாலும் தண்ணி ஊத்துது. சொல்லிட்டுச் செய்யிற பழக்கம் மட்டும் வரவே வராது." திட்டுகிற மாதிரிதான் சொன்னாள். ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள்.

இப்போது கேள். நீ ஒன்பதிலேயே இரு. நீ காலி செய்த ஏழுக்கே நான் திரும்பிவிட்டேன். வயரைப் பிடுங்கி, காலை நிமிர்த்தி, புரோகிராமில் எண்ணையும் மாற்றியாயிற்று. விரலைச் சுட்டுக்கொண்டதுதான் மிச்சம். இதைப் படித்துவிட்டு நீயும் ஏழுக்குத் தாவிவிடாதே. உன் போர்டு இங்கே இருப்பதால் தாவ முடியாது, தெரியும். இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

நேற்று சாயங்காலத்திலிருந்து ஓடுகிறது. காய்ந்தால் தெளிக்கிறது, போதும் என்றால் நிறுத்துகிறது. இன்று காலை உன் அக்கா பழக்கத்தில் படி வரைக்கும் போனாள். கைப்பிடியைத் தொட்டாள். திரும்பி வந்து டீ குடித்தாள்.

மாமா


மார்ச் 21

மாமாவுக்கு,

என் போனுக்கும் மெஷின் செய்தி அனுப்புகிறது. அக்கா நேற்று ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து வருகிறேன் என்று சொன்னதாகத் தையல்காரர் சொன்னார். இப்போது அவரோடு தினமும் பேசுகிறேன். நல்ல மனிதர், பேச்சுதான் நிற்காது.

ஒரு யோசனை. நீங்கள் ஆஸ்பத்திரியில் இருக்கும் நாட்களில் நான் விடுப்பு எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டில் இருக்கிறேன். மெஷின் மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை. லிஃப்ட் மேலும் எங்களுக்கு நம்பிக்கை உண்டு. இருந்தாலும் மாதம் ஒரு தடவை போய்ப் பார்க்கிறோம்.

அக்காவுக்குத் தெரிய வேண்டாம். நான் காவலுக்கு உட்கார்ந்திருக்கிறேன் என்றால், இவர்களே அதை நம்பவில்லை என்று பாதியில் கிளம்பி வந்துவிடுவாள். சாவியைத் தையல்காரரிடம் கொடுங்கள்.

உங்கள் சால்டரிங்கைப் படம் எடுத்து அனுப்பினார். பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் உறுதியாக இருக்கிறது.

லிஃப்ட்காரன்


ஏப்ரல் 4, ஆஸ்பத்திரி

மாப்பிள்ளை,

போனில் பேசலாம் என்றால் என் நாற்காலி அவள் கட்டிலை ஒட்டி இருக்கிறது. போனிலேயே எழுதி அனுப்பலாம் என்றால் என் போன் அவள் கையில் இருக்கிறது. ஆகவே எங்கள் வீட்டில் காவல் இருக்கிற உனக்கு இந்தக் கடிதத்தைப் பயிற்சிக் காரில் கொடுத்தனுப்புகிறேன். ஓட்டக் கற்றுக்கொள்கிற அம்மாளுக்கு வலது பக்கம் திரும்ப இன்னும் வரவில்லை. கடிதம் ஊரைச் சுற்றித்தான் வரும்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. டாக்டருக்கு சந்தோஷம். ஆனால் உன் அக்கா எழுந்து நிற்க மாட்டேன் என்கிறாள். நடக்கப் பழக்குகிற பெண் தினமும் வாக்கரைத் தள்ளிக்கொண்டு வருகிறாள், "நாளைக்குப் பாக்கலாம்மா" என்கிறாள் இவள். இன்றைக்கே காலை ஊன்றாவிட்டால் முட்டி இறுகிவிடும் என்று டாக்டர் கொஞ்சம் குரலை உயர்த்திவிட்டுப் போனார். நான் வேடிக்கையாக ஏதோ சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. என் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், மெஷினிடமிருந்து வந்த செய்திகளை, பழையதிலிருந்து புதியது வரை.

கடைசியில் வாயைத் திறந்தாள். "என் ரூம். என் காளான். மெஷின் மட்டும் ரெண்டு ஆம்பளைங்ககிட்டதான் பேசுமா? என் நம்பரப் போடணும்னு ரெண்டு பேருல ஒருத்தருக்கும் தோணலையா?"

பின் நம்பருக்கு அவ்வளவு சண்டை போட்டோமே, இந்த நம்பர் நமக்கு ஞாபகமே வரவில்லை.

போட்டுவிடு. நீ உன் ஊரிலிருந்தே மாற்றிவிடுவாய் என்று அவளிடம் புளுகியிருக்கிறேன். நம்பின மாதிரி இருந்தாள்.

மாமா


ஏப்ரல் 5

மாமாவுக்கு,

கடிதம் வந்தது. காரின் முன் விளக்கு ஒன்று உடைந்திருக்கிறது. என்னைக் கேட்காதீர்கள்.

அக்கா நம்பரைப் போட்டேன். மூன்றாவதாக இல்லை, முதலாவதாக. மத்தியானம் மெஷின் அவளுக்கு முதல் செய்தி அனுப்பியது: "ஈரம் சரி. விசிறி சரி."

அதன் பிறகு நான் எதிர்பாராதது நடந்தது. அவள் மெஷினுக்குப் பதில் போட்டாள். மெஷினோடு இணைத்திருந்த என் மடிக்கணினியில் அது வந்து விழுந்தது: "சாயங்காலம் காத்து மாறும். மேல வரிசைப் பையில மொட்டு வந்திருக்கும். தெக்கு ஜன்னலச் சாத்து."

மெஷினுக்கு அனுப்பத்தான் தெரியும், படிக்கத் தெரியாது. நான் படித்தேன். மேலே போனேன். அவள் சொன்னபடியே மேல் வரிசையில் எல்லாக் காளான் பையிலும் மொட்டு விட்டிருந்தது, குண்டூசித் தலை அளவில் வெள்ளை வெள்ளையாக. நாம் வைத்த சென்சாருக்கு அது தெரியவே இல்லை. ஜன்னலைச் சாத்தினேன். கீழே வந்து மெஷின் அனுப்புகிற மாதிரியே ஒரு பதில் தட்டினேன்: "மொட்டு வந்திருக்கு. ஜன்னல் சாத்தியாச்சு அக்கா."

அனுப்பிய பிறகுதான் கடைசி வார்த்தையைப் பார்த்தேன்.

காரியம் கெட்டுவிட்டதா? இந்தக் காரிலேயே பதில் அனுப்புங்கள்.

லிஃப்ட்காரன்


ஏப்ரல் 6, ஆஸ்பத்திரி

மாப்பிள்ளை,

நேற்று மெஷின் அவளை அக்கா என்று கூப்பிட்டபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். படித்தாள். மறுபடி படித்தாள். போனை நெஞ்சின் மேல் கவிழ்த்து வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள். நான் மூன்று பொய்களைத் தயாராக வைத்திருந்தேன். மூன்றும் நல்ல பொய்கள்.

எதையும் கேட்கவில்லை. "அந்த வாக்கர எங்க வெச்சீங்க?" என்றாள்.

கதவு வரைக்கும் போனாள். ஒரு கை வாக்கரில், ஒரு கை என் தோளில். போகும்போது என்னைத் திட்டிக்கொண்டே போனாள், திரும்பி வரும்போது நடக்கப் பழக்குகிற பெண்ணிடம் ஜன்னலைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாள். வலிக்கிறதா என்று கேட்டேன். "வலிக்காம?" என்றாள். ஆனால் இன்று காலையில் வாக்கரைக் கொண்டுவரச் சொன்னது அவள்தான். நான் இல்லை, டாக்டரும் இல்லை.

இப்போது கட்டிலில் உட்கார்ந்து மெஷினுக்கு ஏதோ நீளமாகத் தட்டிக்கொண்டிருக்கிறாள். எட்டிப் பார்த்தால் போனை மறைக்கிறாள். "இது எனக்கும் மெஷினுக்கும்" என்கிறாள்.

உனக்கு வந்ததும் எனக்கு எழுது.

மாமா